கட்டுமான மேலாண்மை ஆராய்ச்சி எப்படி வளர்ந்தது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும்

ஆவணி பிறந்தால் என் தொலைபேசி ஓயாது. கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் எம்.இ. படிப்பவர்கள் ஆய்வேட்டுத் தலைப்பு தேடி அலையும் காலம் அது. 14 ஆண்டுகள் சைட்டில் திட்டமிடல் பொறியாளராக இருந்துவிட்டு இப்போது சென்னையில் மாலை நேர வகுப்பு எடுக்கிறேன். அதனால் கல்லூரிக்காரர்களும் கேட்கிறார்கள், சைட்காரர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைத்துவிட்டேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைக் கைகாட்டும்.

மேடம், இதுவும் சிவில்தானே? தனியாக ஆராய்ச்சி செய்ய இதில் என்ன இருக்கிறது?

சிவில்தான், ஆனால் கேள்வி வேறு. கட்டமைப்புப் பொறியாளர் "இந்தத் தளம் தாங்குமா?" என்று கேட்பார். நாம் கேட்பது, "இந்தத் தளத்தை எந்த வரிசையில், எத்தனை பேரை வைத்து, எத்தனை நாளில், எவ்வளவு பணத்தில், ஒருவருக்கும் அடிபடாமல் போட்டு முடிப்பது எப்படி?"

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குத் தளம் போடும் நாளை நினைத்துப் பாருங்கள். காங்கிரீட்டின் வலிமையை ஆய்வகம் சொல்லிவிடும். ஆனால் ரெடிமிக்ஸ் லாரியை நகருக்குள் எந்த நேரத்தில் விடுவார்கள், கம்பி கட்டுபவர்கள் முந்தின நாளே முடித்தார்களா, மின்குழாய் பதிப்பவர் வந்தாரா, பம்பு நின்றால் மாற்று உண்டா, மூன்று மணிக்கு மழை பிடித்தால் எந்த இடத்தில் நிறுத்துவது? இவை எதுவும் சுமைக் கணக்கில் வராது. போக்குவரத்து, வரிசைப்படுத்தல், ஒப்பந்தம், பாதுகாப்பு, தொழிலாளர் என்று இவை ஒவ்வொன்றும் இன்று தனித்தனி ஆய்வுக் கிளை.

இந்த ஆராய்ச்சியை முதலில் தொடங்கியது யார்? தேர்வில் டெய்லர் என்று எழுதினால் போதுமா?

மதிப்பெண் கிடைக்கும், ஆனால் நம் துறையின் ஆள் அவரல்லர். டெய்லர் தொழிற்சாலைக்காரர், அறிவியல் முறை மேலாண்மை பற்றிய அவருடைய நூல் 1911-ல் வந்தது. கட்டுமானத்துக்கு நான் காட்டும் முதல் ஆள் அமெரிக்காவின் பிராங்க் கில்பிரெத். கல்லூரிக்குப் போகாமல் கொத்து வேலை கற்கச் சேர்ந்தவர். கற்றுக்கொடுத்த கொத்தனார்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைத்தார்கள். அதுவும் அவசர வேலைக்கு ஒரு விதம், சாதாரண வேலைக்கு ஒரு விதம். "இதில் எது சரி?" என்று அந்தப் பையனுக்குத் தோன்றியது. இந்தத் துறை அந்தச் சந்தேகத்தில் பிறந்தது என்றே நான் வகுப்பில் சொல்வேன்.

அவர் ஒரு செங்கல் வைக்க ஆகும் அசைவுகளை எண்ணினார். குனிவது, எடுப்பது, நல்ல முகம் எது என்று திருப்பிப் பார்ப்பது, கலவை கெட்டியாக இருப்பதால் கரண்டிக் காம்பால் தட்டுவது என்று மொத்தம் 18. குனியாமல் எடுக்க வசதியாக, சுவர் உயர உயர ஏற்றக்கூடிய சாரம் செய்தார். செங்கல்லை முன்கூட்டியே பொறுக்கி, நல்ல முகம் தெரிய அடுக்கித் தரச் சொன்னார். கையால் அழுத்தினாலே உட்காரும் பதத்தில் கலவையை வைத்தார். அசைவு 5 அளவுக்கு இறங்கியது. ஆளுக்கு மணிக்கு 120 செங்கல் என்றிருந்தது 350 ஆனதாக டெய்லரே தம் நூலில் எழுதியிருக்கிறார். கில்பிரெத்தின் செங்கல் வேலை நூல் 1909-ல் வெளிவந்தது. அந்தச் செங்கல்லை அடுக்கித் தந்தது யார் என்பதை மறந்துவிடாதீர்கள். கடைசிக் கேள்வியில் அது திரும்ப வரும்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர்களுக்கு மேலாண்மை தெரியாதா? ஏன் எல்லாவற்றையும் வெள்ளைக்காரனிடமிருந்து தொடங்குகிறீர்கள்?

தெரியாமல் கட்டியிருக்க முடியாது. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரைக் கல்வெட்டே சொல்கிறது. ஆனால் கல் எப்படி மேலே போனது, எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் கல்லை மேலே இழுத்த சாய்தளம் எங்கிருந்து தொடங்கியது என்று இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். திறமை வேறு, ஆராய்ச்சி வேறு. எழுதி வைத்து, அடுத்தவர் சரிபார்த்து, தவறென்றால் தவறு என்று சொல்ல இடம் கொடுப்பதுதான் ஆராய்ச்சி. அந்த வழக்கம் கட்டுமானத்துக்கு உலகெங்குமே தாமதமாக வந்தது.

பார் சார்ட், சி.பி.எம்., பெர்ட் என்று அட்டவணை போடும் முறைகள்: எது முதலில், எது அடுத்து? எப்போதும் குழம்புகிறது.

பட்டை வரைபடம் முதலில். போலந்துக்காரர் கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே அதைப் போன்ற ஒன்றை வரைந்தார். 1910-களில் அமெரிக்காவில் ஹென்றி காண்ட் பரப்பியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதன் குறை உங்களுக்கே தெரியும்: எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை வெறும் பட்டை சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்த்தது 1957-ல் வந்த சி.பி.எம்., அதாவது எந்த வேலைத் தொடர் தள்ளிப்போனால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும் என்று காட்டும் முறை. டுபான்ட் வேதிநிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது. கென்டக்கி மாநில லூயிவில்லில் ஓர் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நேரத்தை 125 மணியிலிருந்து 93 ஆகக் குறைத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் வந்தது. முன்னது செய்து பழகிய வேலைக்கு. கால அளவு தெரியும். பின்னது முன்பின் செய்யாத வேலைக்கு. அதனால்தான் குறைந்தது, கூடியது, பெரும்பாலும் ஆகக்கூடியது என மூன்று மதிப்பீடு. அடுக்குமாடி வீட்டுக்கு பெர்ட் போட்டு ஆய்வேடு எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை ஒருமுறை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

இதில் பலரும் விட்டுவிடும் பெயர் ஸ்டான்போர்டு பேராசிரியர் ஜான் பாண்டல். கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலம். சிறிய ஒப்பந்ததாரருக்கு அது எட்டாக்கனி. 1961-ல் அவர் கணினி இல்லாமல் காகிதத்திலேயே சி.பி.எம். போடும் வழியை எழுதினார். வேலைகளை அம்புகளில் வைக்காமல் வட்டத்தில் வைத்து, கோட்டால் இணைத்தார். இன்று நீங்கள் பிரைமவேரா திட்டமிடல் மென்பொருளில் தட்டும் பெட்டி-கோடு முறைக்கு அதுதான் தாத்தா.

அப்படியானால் 60, 70-களில் எல்லாரும் அட்டவணையையே ஆராய்ந்துகொண்டிருந்தார்களா?

பெரும்பாலும் ஆம், கொஞ்சம் பைத்தியமாகவே. கணிதமும் கணினியும் கையில் கிடைத்த மகிழ்ச்சி. ஆட்களைச் சமன்படுத்துவது, குறைந்த கூடுதல் செலவில் நாளைக் குறைப்பது என்று சமன்பாடுகள் குவிந்தன. 70-களில் டேனியல் ஹால்பின் உருவாக்கிய சைக்ளோன் முறை இதில் வித்தியாசமானது. மண் வெட்டும் இயந்திரமும் லாரிகளும் சுழன்று சுழன்று வரும் வேலையில் எது எதற்காக வரிசையில் நிற்கிறது என்பதைப் போலச்செய்து பார்க்கும் முறை. பம்பு ஒன்று, ரெடிமிக்ஸ் லாரி ஆறு என்றால் எத்தனை லாரி வீணாக நிற்கும் என்ற கணக்கு இன்றும் அந்த வழியில்தான் போகிறது.

நான் இந்தக் காலத்தைப் பற்றி மாணவர்களிடம் சொல்வது: கில்பிரெத் சாரத்தில் நின்று ஆராய்ந்தார், இவர்கள் கணினி அறையில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கணக்கு நேர்த்தியானது. ஆனால் சித்தாள் வரவில்லை, சிமெண்ட் வரவில்லை, வரைபடம் மாறிவிட்டது என்பவற்றுக்கு அதில் இடம் குறைவு. அதே காலத்தில் பிரிட்டனில் வேறு கதை. டாவிஸ்டாக் நிறுவனத்தின் சமூக ஆய்வாளர்கள் 1965, 66-ல் வெளியிட்ட அறிக்கைகள், கட்டடத் தொழிலின் கோளாறு அட்டவணையில் இல்லை, ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதிலும் ஒருவரை நம்பி ஒருவர் இருப்பதிலும் உள்ளது என்றன. அமெரிக்கக் கட்டுரைகளை மட்டுமே படிக்கும் நம் மாணவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

ஒரே ஓர் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

1983. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் கட்டுமானப் பிரிவு இதழ் அந்த ஆண்டுதான் "கட்டுமானப் பொறியியல் மற்றும் மேலாண்மை இதழ்" என்ற இன்றைய பெயரைப் பெற்றது. பிரிட்டனில் கட்டுமான மேலாண்மைக்கும் பொருளியலுக்குமான இதழ் பிறந்தது. டெக்சாஸின் ஆஸ்டினில், கட்டச் சொல்பவரும் கட்டுபவரும் பணம் போட்டு ஆராய்ச்சி நடத்தும் கட்டுமானத் தொழில் நிறுவனம் தொடங்கியது. பிரைமவேரா நிறுவனமும், நம் நாட்டில் கட்டுமான மேலாண்மை கற்பிக்கும் நிக்மாரும் அதே ஆண்டு. ஜப்பானில் ஷிமிசு நிறுவனம் எஃகு உத்திரங்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு தெளிக்கும் ரோபோவை இறக்கியதும் அப்போதுதான். யாரோ விசில் ஊதியது போல எல்லாம் ஒரே நேரத்தில்.

லீன், லீன் என்கிறார்கள். கார் தொழிற்சாலை முறை நம் சைட்டுக்கு எப்படிப் பொருந்தும்? கட்டடம் என்ன பெல்ட்டிலா ஓடுகிறது?

லீன் என்றால் வீணாகும் நேரத்தையும் உழைப்பையும் கழித்து வேலையைத் தடையில்லாமல் ஓடவிடும் முறை. இதே கேள்வியைத்தான் அப்போது பலரும் கேட்டார்கள். பின்லாந்தின் லவுரி கோஸ்கெலா 1992-ல் ஸ்டான்போர்டில் தங்கியிருந்தபோது ஓர் அறிக்கை எழுதினார். அதன் சாரம்: நாம் இதுவரை கட்டுமானத்தை "வேலைகளின் தொகுப்பு" என்று மட்டும் பார்த்தோம். சுவர் ஒரு வேலை, பூச்சு ஒரு வேலை. ஆனால் செங்கல்லின் பக்கம் நின்று பாருங்கள். லாரியிலிருந்து இறங்கி, குவியலாகக் கிடந்து, இடம் மாறி, மறுபடி கிடந்து, கடைசியில் சுவரில் ஏறுகிறது. சுவரில் ஏறும் அந்தச் சில நொடிகளைத் தவிர மற்றதெல்லாம் காத்திருப்பதும் நகர்வதும்தான். சி.பி.எம். பட்டியலில் இந்தக் காத்திருப்புக்குப் பெயரே கிடையாது. 1993-ல் பின்லாந்தின் எஸ்போவில் இதற்கென ஒரு பன்னாட்டுக் குழு கூடியது. அதன் 26-வது மாநாடு 2018 ஜூலையில் நம் சென்னையிலேயே நடந்தது.

இதில் சைட்டுக்கு நேரடியாகப் பயன்பட்டது கிளென் பாலார்டும் கிரெக் ஹாவெலும் வளர்த்த "கடைசித் திட்டமிடுபவர்" முறை. அலுவலகத்தில் இருக்கும் என்னைப் போன்றவர் போடும் திட்டத்தைவிட, வேலையை நடத்தும் மேஸ்திரி கொடுக்கும் வாக்குதான் முக்கியம் என்பது அடிப்படை. திங்கட்கிழமை காலை மேஸ்திரிகளை நிற்க வைத்து, "இந்த வாரம் எதை முடிப்பீர்கள்?" என்று கேட்டுப் பலகையில் எழுதுவது. சனிக்கிழமை எண்ணுவது. 20 வாக்கு கொடுத்து 11 முடிந்தால் 55 சதவீதம். முக்கால்வாசி முடிந்ததெல்லாம் கணக்கில் சேராது. முடிந்ததா, இல்லையா, அவ்வளவுதான். அமெரிக்கச் சைட்டுகளில் அவர்கள் முதலில் எண்ணியபோது வாரத் திட்டத்தில் ஏறக்குறைய பாதிதான் நிறைவேறியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. அதுவரை இந்தியாவில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

ஒரு நுணுக்கம். இந்தப் பலகையின் பயன் சதவீதத்தில் இல்லை, முடியாத 9-க்கும் எதிரே எழுதும் காரணத்தில் இருக்கிறது. நான் இருந்த ஒரு சைட்டில் முதல் மாதம் மேஸ்திரிகள் வாயே திறக்கவில்லை. காரணம் சொன்னால் பில்லில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். பிடிக்க மாட்டோம் என்று முதலாளியே வந்து சொன்ன பிறகுதான் ஒருவர் மெதுவாக, "தண்ணீர் லாரி பதினோரு மணிக்குத்தான் வருகிறது மேடம்" என்றார். அவ்வளவு காலமாக எங்கள் அட்டவணையில் வேலை எட்டு மணிக்குத் தொடங்கிக்கொண்டிருந்தது.

பி.ஐ.எம். (கட்டடத் தகவல் மாதிரி) புதிய விஷயம்தானே? அதை எடுத்தால் முன்னாய்வு குறைவாக எழுதலாம் அல்லவா?

அந்த ஆசை பலிக்காது. சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-லேயே வரைபடத்துக்குப் பதில் கட்டடத்தின் கணினி மாதிரியை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். மாதிரியோடு கால அட்டவணையை இணைத்து, கட்டடம் எழும்புவதைத் திரையில் பார்க்கும் ஆய்வு 90-களில் ஸ்டான்போர்டில் சூடுபிடித்தது. இன்றைய ஆய்வு மென்பொருளைப் பற்றியது அல்ல. கட்டடக் கலைஞரும் ஒப்பந்ததாரரும் ஒரே கோப்பை நம்புவார்களா, தவறு வந்தால் யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. டாவிஸ்டாக்காரர்கள் அன்று தொட்ட அதே இடம்.

சென்னையில் இந்த ஆராய்ச்சி எங்கே நடக்கிறது?

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியிலும், 1959-ல் வந்த ஐ.ஐ.டி.யிலும் இதற்கெனப் பிரிவுகள் உள்ளன. கட்டுமான ரோபோக்களுக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு 1984-ல் பிட்ஸ்பர்கில் தொடங்கியது; 40-வது ஆண்டுக் கூட்டம் 2023 ஜூலையில் சென்னையில் நடந்தது. தரமணியில் இருக்கும் எஸ்.இ.ஆர்.சி. ஆய்வு மையத்துக்கு மேலாண்மை ஆய்வு கேட்டுப் போய் நிற்காதீர்கள். அது கட்டமைப்புப் பொறியியலுக்கானது. ஆண்டுக்கு இரண்டு பேராவது போய்த் திரும்புகிறார்கள்.

பத்திரிகையில் வருவது பெரும்பாலும் பொருளும் இயந்திரமும்தான். உர ஆலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்த பலகைகளால் 2013-ல் ஐ.ஐ.டி. வளாகத்தில் இரண்டு மாடிக் கட்டடம் எழுந்தது. 2021 ஏப்ரலில் அதே வளாகத்தில், முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ட்வஸ்டா நிறுவனத்தின் 600 சதுர அடி முப்பரிமாண அச்சு வீடு திறக்கப்பட்டது. இவற்றைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் நான் கேட்பது: சுவர் சீக்கிரம் வந்துவிட்டது, சரி. கதவு, குழாய், மின்சாரம், வண்ணம் எல்லாம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தனவா? அது மேலாண்மைக் கேள்வி. அதற்குக் கத்தரிக்கோலும் ரிப்பனும் கிடையாது.

வினாத்தாள் கொடுத்து 5 புள்ளியில் மதிப்பெண் வாங்கி, முக்கியக் காரணங்களை வரிசைப்படுத்தினால் ஆய்வு முடிந்துவிடும்தானே? சீனியர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

உங்கள் சீனியர்களில் பாதிப் பேருக்கு அந்த வினாத்தாளை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். எப்படி நிரப்பினேன் தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கும் காங்கிரீட் லாரிக்கும் நடுவே, நாற்பது கேள்விக்கு நாலு நிமிடத்தில், எல்லாவற்றுக்கும் 4. அதுதான் பிறகு இரண்டு தசமம் வரை கணக்கிடப்பட்டு அட்டவணையாக அச்சில் வந்தது.

இந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. கணினி அறைக் காலத்துக்குப் பிறகு, தாமதம், தகராறு, தரம் போன்றவற்றைச் சமன்பாட்டில் பிடிக்க முடியாமல், "செய்பவர்களிடமே கேட்போம்" என்று போனார்கள். நல்ல எண்ணம்தான். 1990-களின் நடுவில், நான் மேலே சொன்ன பிரிட்டன் இதழிலேயே பெரிய வாக்குவாதம் வெடித்தது. எண்ணி அளப்பது மட்டும்தான் ஆராய்ச்சியா, அல்லது சைட்டில் உள்ளவர்கள் தங்கள் வேலையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கூட இருந்து பார்ப்பதும் ஆராய்ச்சியா என்று. அது முடிவுக்கு வரவில்லை. ஆனால் அதன்பின் கூட இருந்து பார்க்கும் ஆய்வுகளுக்கும் இதழ்களில் நாற்காலி கிடைத்தது.

வினாத்தாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியத் திட்டங்களின் தாமதம் பற்றி 2012-ல் வெளியான ஓர் ஆய்வு 45 காரணங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைக் காரணிகளாகத் தொகுத்து, ஈடுபாடின்மையை முதலிடத்தில் வைத்தது. பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் கேட்டால் ஒப்பந்ததாரர் உரிமையாளரைக் கைகாட்டுவார், உரிமையாளர் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுவார். நீங்கள் அளந்தது தாமதத்தின் காரணத்தையா, பழிபோடும் பழக்கத்தையா? ஆய்வு வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள். ஒரே ஒரு சைட்டின் மூன்று மாதப் பலகையை, முன்பு சொன்ன சனிக்கிழமைக் காரணங்களோடு, எடுத்து வந்தால் அது 100 வினாத்தாளுக்குச் சமம்.

திட்டச் செலவு ஏன் எப்போதும் மீறுகிறது? இதற்கு இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் விடை கிடைக்கவில்லையா?

விடைகள் கிடைத்தன, ஒன்றல்ல பல. முதலில் கணிக்கும் முறையில் தவறு என்றார்கள். பிறகு சண்டையில் தவறு என்றார்கள். பிரிட்டனில் 1994-ல் லேதம் அறிக்கையும் 1998-ல் ஈகன் அறிக்கையும் ஒப்பந்ததாரரும் உரிமையாளரும் எதிரிகளாக நிற்பதை நிறுத்தச் சொன்னதிலிருந்து கூட்டு ஒப்பந்த ஆய்வுகள் பெருகின. 2002-ல் பெண்ட் ஃப்ளைவ்பியர்க் குழுவினர் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்து, பத்தில் ஒன்பதில் செலவு மீறியதையும், ரயில் திட்டங்களில் சராசரி மீறல் 45 சதவீதம் அளவில் இருந்ததையும் காட்டினார்கள். வெறும் தவறு என்றால் சில திட்டங்களில் கூடி, சிலவற்றில் குறைய வேண்டும் அல்லவா? எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது என்றால், அனுமதி வாங்குவதற்காகவே தொடக்க மதிப்பைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இன்றும் சூடான சர்ச்சை.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் பறக்கும் ரயில் நீட்டிப்பு. 5 கிலோமீட்டர், 2008-ல் தொடங்கிய வேலை. ஆதம்பாக்கம் பக்கம் கடைசி 500 மீட்டர் நிலம் கையகப்படுத்துவதில் சிக்கி 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. இதை எந்த சி.பி.எம்.மும் பிடித்திருக்காது. "நிலம் ஒப்படைப்பு" என்று ஒரு பெட்டி, கால அளவு 90 நாள் என்று அட்டவணையில் போட்டு வைப்போம். உள்ளே நீதிமன்றமும் குடும்பங்களும் இருக்கும்.

தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ச்சி இருக்கிறதா, அல்லது எல்லாம் பணமும் நாளும்தானா?

நெடுநாள் அவர்கள் "வளம்" என்ற தலைப்பின் கீழ்தான் இருந்தார்கள். சிமெண்டோடும் கிரேனோடும் ஒரே பட்டியலில். விபத்து ஆய்வு 1931-ல் ஹெய்ன்ரிக் எழுதிய நூலிலிருந்து தொடங்குகிறது. ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயமும், காயமே படாத 300 சம்பவமும் இருக்கும் என்றார். அவருடைய மூல ஆவணங்கள் கிடைக்காததால் பின்னாளில் அந்த எண்களைப் பலர் சந்தேகித்தார்கள். அவர் தொழிலாளியின் கவனக்குறைவைப் பெரிதாகச் சொன்னார். இன்றைய ஆய்வு, அந்த இடத்தில் அந்த ஆளை அப்படி நிற்க வைத்தது எது என்று பின்னோக்கிப் போகிறது. 2014 ஜூன் 28 மாலை மழையில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் எவருடைய கவனக்குறைவும் அதற்குக் காரணமல்ல. வகுப்பில் இதைச் சொன்னால் ஹெய்ன்ரிக் பற்றிய விவாதம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று, நம் துறைக்கு வெளியிலிருந்து வருவது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெப்பத்தில் வேலை செய்பவர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த அவர்களுடைய ஆய்வில், செங்கல் சூளை போன்ற இடங்களில் அதிக வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நம் உற்பத்தித்திறன் கட்டுரைகளில் "ஒரு செங்கல்லுக்கான நேரம்" இருக்கும், இது இருக்காது. சித்தாளாகச் சேர்ந்த பெண் ஏன் 20 ஆண்டு கழித்தும் சித்தாளாகவே இருக்கிறாள் என்பதையும் பெரும்பாலும் சமூகவியலாளர்கள்தான் கேட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி இந்தப் பழைய ஆய்வுகளைப் படித்து என்ன பயன்?

கேமரா தலைக்கவசத்தை எண்ணுகிறது, ட்ரோன் மண் குவியலை அளக்கிறது. எல்லாம் நல்லது. கில்பிரெத் தம்பதியர் படக்கருவி வைத்து அசைவுகளை எண்ணினார்கள், இப்போது கணினி எண்ணுகிறது; கேள்வி அதேதான்.

சிக்கல் தரவில். தாமதத்தை முன்கணிக்க ஒரு மாணவர் சென்னைச் சைட் ஒன்றின் தினசரி முன்னேற்ற அறிக்கைகளை வாங்கி வந்தார். இரண்டு ஆண்டு, கட்டுக் கட்டாக. நான் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் திங்கள் முதல் சனி வரை ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வேகம். சனிக்கிழமை மாலை உட்கார்ந்து ஆறு நாளையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கனமழை பெய்த வாரத்திலும் "வானிலை: தெளிவு". அதை எந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தாலும் அது சனிக்கிழமை மாலையைத்தான் கற்கும்.

கில்பிரெத் முறையை இன்று நம் ஊர்ச் சைட்டில் செய்து பார்த்தால் வேகம் கூடுமா? அதையே ஆய்வாக எடுக்கலாமா?

எடுக்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன், ஆய்வாக அல்ல, ஆர்வக் கோளாறால். சோழிங்கநல்லூரில் ஒரு சுற்றுச்சுவர் வேலை. கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லுக்கும் தரைவரை குனிந்துகொண்டிருந்தார். இரண்டு பழைய சென்ட்ரிங் பலகையைப் பீப்பாய் மேல் போட்டு, இடுப்பு உயரத்தில் செங்கல்லையும் கலவைப் பாண்டையும் வைக்கச் சொன்னேன். கைக்கடிகாரத்தோடு நின்றேன். வேகம் கண்ணுக்கே தெரிந்தது. கொத்தனார் முகத்திலும் சிரிப்பு.

இரண்டு மணி நேரம் கழித்து அவருக்குத் துணையாக இருந்த சித்தாள் அம்மா என்னிடம் வந்தார். "அவர் முதுகு பிழைத்தது, என் தோள் போய்விட்டது" என்றார். முன்பு செங்கல்லைத் தலையிலிருந்து தரையில் சரித்துவிடுவார். இப்போது ஒவ்வொன்றாகப் பலகையில் தூக்கி, முகம் பார்த்து அடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் கில்பிரெத் கதையை மறுபடி படித்தேன். அவரும் பொறுக்கி அடுக்கும் வேலையைக் குறைந்த கூலி ஆட்களிடம்தான் விட்டிருந்தார். அந்த ஆட்களின் அசைவு 18 என்ற எண்ணிலும் இல்லை, 5 என்ற எண்ணிலும் இல்லை.

இந்தத் தலைப்பை எடுப்பவர் இரண்டு பேரையும் சேர்த்து அளந்து வாருங்கள், நானே வழிகாட்டுகிறேன். மறுநாள் காலை நான் சைட்டுக்குப் போனபோது செங்கல் பழையபடி தரையில் கிடந்தது. பலகைமேல் சாப்பாட்டுத் தூக்குகள் வரிசையாக இருந்தன.